பதினொரு சேஃப்ரி பின்

போன கிழமை எனக்குப் பிரியாவிடை என்று சொல்லி எங்கள் ஆட்டக் குழுவின் தையல் அறையில் கேக் வெட்டினீர்கள். இருபத்தொரு வருடம் நான் வேலை செய்த அறை. கையில் தேநீரோடு நின்றுகொண்டிருந்தேன். உங்களில் புதிதாக வந்த ஒருத்தி, பெயர் எழுதமாட்டேன், கேக்கை மென்றபடி கேட்டாள்: "அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. பேர்லெஸ்க்குக்கும் ஸ்ரிப்பிங்குக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில ரெண்டிலயும் உடுப்பைத்தானே கழட்டுகினம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்குப் போகும்போது அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே இருந்து, இறங்க வேண்டிய பஸ் தரிப்பை விட்டுவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கிப் பனிக்குள் நடந்தேன். டோர்செட் பார்க்கில் என்னுடைய தொடர்மாடிக்கு வந்து சேரும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். லிஃப்ரில் நின்ற மனிசன் விலகி நின்றார்.

கோபம் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். ஆங்கிலத்தில் கோபித்தால் நடுவில் சொல் தேட வேண்டும். அதற்குள் எதிரில் நிற்கிறவர் போய்விடுவார். ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் மூன்று பேருக்கு வாசிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். மணி கோர்ப்பது எப்படி, இறகு ஒட்டுவது எப்படி என்றெல்லாம் இதில் இல்லை. அதெல்லாம் பத்து நாள் விரலில் குத்து வாங்கினால் தானாக வரும். நான் எங்கே பிழை விட்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. கேட்டவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் சொன்ன பதில் மேல்தான் கோபம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பழகிய தொழில். இங்கே வந்து தொடர்மாடியில், படுக்கை அறையின் ஒரு மூலையில் மெஷினைப் போட்டு, ஸ்காபரோவில் பாதிப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்தேன். கலியாண வீடுகளுக்குப் போய்ச் சேலையும் உடுத்திவிடுவேன். நான் உடுத்திவிட்ட சேலை ஒன்று குலைந்தது என்று எவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

அப்போதுதான் தர்ஷி வந்தாள். ஸ்காபரோவிலேயே, மல்வேர்னில் வளர்ந்த பிள்ளை, பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. மேடையில் ஆடுகிறேன், ஒரு பிளவுஸ் வேண்டும் என்றாள். பரதநாட்டியமாக்கும் என்று நினைத்தேன். அளவெடுத்து முடிந்த பிறகுதான் இது பேர்லெஸ்க் என்று சொன்னாள். ஒரு ஞாயிறு பின்னேரம் நகருக்குள் இருக்கும் ஒரு சின்ன அரங்குக்கு வந்து சேலையும் உடுத்திவிட முடியுமா என்று கேட்டாள். என்ன ஆட்டம் அது என்று கேட்டேன். "கதை சொல்லிக்கொண்டு ஒவ்வொண்டாக் கழட்டுறது, அன்ரி" என்றாள். அளவு எழுதிய தாளைக் கொப்பியிலிருந்து கிழிக்கப் போனேன். ஆனால் வாங்கிய வேலையைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

போனேன். உடுத்தினேன். அங்கேதான் எங்கள் ஊர்த் தையல்காரி மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டேன். சேலை உடுத்தினால் பின் குத்த வேண்டும். தோளில் ஒன்று, மடிப்பில் இரண்டு, இடுப்பைச் சுற்றி, முதுகுப் பக்கம், பிளவுஸோடு சேர்த்து. கை தானாகப் போய்விடும். அன்றைக்கு அந்தப் பிள்ளை மேல் இரக்கமும் சேர்ந்துகொண்டது. அத்தனை பேருக்கு முன்னால் ஏதாவது நழுவிவிட்டால் என்ன செய்வாள் என்று, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே குத்தினேன். பதினொரு சேஃப்ரி பின். அவிழ்க்கத்தான் மேடை ஏறுகிறாள் என்பது என் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் முந்தானையை இழுக்கிறாள், வரவில்லை. திரும்பி இன்னொரு பக்கம் இழுக்கிறாள், அதுவும் வரவில்லை. பாட்டு பாதியைத் தாண்டிவிட்டது. அப்போது அவள் நின்றாள். சனத்தைப் பார்த்தாள். தோளில் கையை வைத்துத் தடவி, முதல் பின்னைக் கண்டுபிடித்து, மெல்லக் கழட்டி, உயர்த்திக் காட்டினாள். மேடையில் அலங்காரத்துக்கு ஒரு பித்தளைத் தட்டம் இருந்தது. அதில் போட்டாள். ணங் என்று கேட்டது. சனம் சிரித்தது. இரண்டாவதைத் தேடினாள். மூன்றாவதற்குச் சனம் எண்ணத் தொடங்கிவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் பாட்டில்லாமல் தொடர்ந்தாள். பதினொன்று என்று முழு அரங்கும் கத்தியபோது சேலை விழுந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் கழட்டவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

என்னை ஏசுவார்கள் என்று பயந்துகொண்டு நின்றேன். தர்ஷி ஆடுகிற குழுவின் தலைவி வந்தாள். அவளுடைய பெயரையும் எழுதமாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், வெள்ளைக்காரி, நல்ல உயரம், குரல் மட்டும் சின்னது. தன்னுடைய உடுப்பைத் தானே தைப்பாள். தட்டத்தில் இருந்த பின்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடிக்கொண்டே சொன்னாள், இன்றைக்குத்தான் தர்ஷி உண்மையில் பேர்லெஸ்க் ஆடினாள் என்று. உடுப்புக் கழருவதை எவரும் எங்கேயும் பார்க்கலாம், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில் அவள் என்ன செய்தாள் என்று பார்க்கத்தான் சனம் ரிக்கற் எடுத்து வந்தது என்று. பிறகு, திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று என்னைக் கேட்டாள்.

வித்தியாசத்தை எனக்கு முதலில் சொன்னவளும் அவள்தான். அன்றைக்கு இல்லை, சில மாதம் கழித்து, நான் உங்களைப் போலவே அரைகுறையாக ஏதோ கேட்டபோது. அவள் ஊசியை நிறுத்தாமல் சொன்னதை என்னுடைய தமிழில் தருகிறேன். "கிளப்பில் ஆடுகிற பெண்ணுக்கு முன்னால் ஒரு ஆள் இருப்பான். அவனுடைய முகத்தை அவள் வாசிக்க வேண்டும். தனிமையில் வந்தவனா, வம்புக்கு வந்தவனா என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அவனுக்குப் பிடித்த ஆளாகப் பாட்டுக்குப் பாட்டு மாற வேண்டும். கெட்டிக்காரிதான் அதில் நின்று பிடிப்பாள். இங்கே நான் யார் என்பதை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். கதை, பகிடி, உடுப்பு எல்லாம் என்னுடையது. எந்தக் கையுறை எப்போது கழர வேண்டும் என்று நான் தீர்மானிக்கிறேன். பார்க்கிறவர் இருந்து பார்க்கலாம், என்னை மாற்றச் சொல்ல முடியாது. ஒன்று ஆளுக்கு ஆள் செய்கிற வேலை, மற்றது நாடகம். அவ்வளவுதான்."

எங்கேயோ வாசித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு விபரமாக எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் ஏன் திங்கட்கிழமையிலும் சனி ஞாயிறிலும் மட்டும் ஒத்திகை வைக்கிறாள் என்றும் நான் கேட்டதில்லை.

அவள் சொன்னது சரி என்று கண்ணால் பார்த்தேன். எங்களிடம் ஒருத்தி இருந்தாள். மாசி மாதக் குளிரில் வேலை முடிந்து வீட்டுக்குள் வருகிற பெண்ணாக வருவாள். கோட், ஸ்காவ், தொப்பி, கையுறை, அதற்குள் இன்னொரு கையுறை, சப்பாத்து, இரண்டு சோடிக் காலுறை என்று ஒவ்வொன்றாகக் கழட்டுவாள். கடைசிக் காலுறை கழரும்போது வீட்டுத் தொலைபேசி அடிக்கும், வேலைக்குத் திரும்பி வா என்று. எல்லாவற்றையும் திரும்பப் போடத் தொடங்குவாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், ஏனென்றால் அன்றைக்குக் காலையில் அவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தார்கள். பெரிய மனிதரையும் பெரிய வழக்கத்தையும் கேலி செய்யப் பிறந்த ஆட்டம் இது. சில ஆட்டத்தில் முக்கால்வாசி உடம்பு தெரியும், சிலதில் முழங்கை மட்டும் தெரியும். தோலை முழக்கோலால் அளந்து கலையா இல்லையா என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அளந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்குத்தான் வருகிறேன்.

தர்ஷி அந்தப் பின் விபத்தை விடவில்லை. வருடக்கணக்காகச் செதுக்கி அதை ஒரு முழு ஆட்டமாக்கினாள். மணப்பெண் ஒருத்தி கூறைச்சேலையில் நிற்கிறாள். பின்னால் நாதஸ்வரமும், பதிவு செய்த குரல்களும். தலையை நிமித்து பிள்ளை, சிரி, கனக்கச் சிரியாதே, கமராவைப் பார், மாமியைப் பார், சங்கிலி வெளியில தெரியட்டும். ஒவ்வொரு பின்னும் ஒருவர் குத்தியது. பெரியம்மா குத்தியது, மச்சாள் குத்தியது, வீடியோக்காரர் குத்தச் சொன்னது. அவள் ஒவ்வொன்றாகத் தேடிக் கழட்டித் தட்டத்தில் போடுவாள். ஒவ்வொரு பின் கழரும்போதும் ஒரு குரல் நின்றுவிடும். கடைசியில் முழு அமைதி. அப்போது சேலையும் நகையும் ஒன்றாக விழும். சிவப்பு மணி வைத்த சின்ன உடுப்போடு அவள் தன் பாட்டுக்கு நிற்பாள், எவரும் சிரிக்கச் சொல்லாத முகத்தோடு. அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு தையலும் என்னுடையது. பன்னிரண்டு முழத்துக்கு மேற்பட்ட பட்டை ஒரே விழுக்காக விழ வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நகருக்குள் அதற்கு நல்ல கைதட்டல். ஆனாலும் தர்ஷிக்கு ஒரு குறை. "அங்க ஆக்கள் நல்லாச் சிரிக்கினம், அன்ரி. எனக்குச் சிரிக்கிற ஆக்கள் மட்டும் காணாது. பின் குத்துப்பட்ட ஆக்கள் பாக்கவேணும்." அதற்கு ஸ்காபரோவில், எங்கள் சனம் கலியாணம் செய்கிற மண்டபம் ஒன்றிலேயே ஆட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தேடித் தேடி ஒரு மண்டபம் கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. அந்த மண்டபத்துச் செயலாளரை எனக்குத் தெரியும். அவருடைய மனைவிக்கு அப்போதே பத்தொன்பது வருடமாகப் பிளவுஸ் தைத்துக் கொடுத்து வந்தேன். அந்த அம்மாவின் அளவு எனக்குப் பாடம். அளவுக் கொப்பி பார்க்கத் தேவையில்லை.

ஞாயிறு நிகழ்ச்சி, அதற்கு முந்திய திங்கட்கிழமை மண்டபத்தில் ஒத்திகை. மத்தியானம் செயலாளர் வந்தார். மேடைக்குப் பக்கத்து அறையில் தலைவி அயன் பெட்டியால் மடிப்பு அழுத்திக்கொண்டிருந்தாள். தர்ஷி பாதி உடுத்திய கூறையோடு நின்றாள். அவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து நேரே வந்தார்.

"அக்கா, நீங்கள் நிக்கிறது நல்லதாப் போச்சு. உது என்ன நிகழ்ச்சி? ஆக்கள் போன் அடிச்சுக் கேக்கினம், உரிஞ்சுபோட்டு ஆடுறதோ எண்டு."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். எனக்கு வித்தியாசம் தெரியும். தலைவி சொல்லித் தந்திருக்கிறாள், வருடக்கணக்காகக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாடகம் என்று சொல்லியிருக்கலாம். வந்து இருந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எங்கள் ஆள். நாளைக்குக் கோயிலில் முகம் பார்க்க வேண்டும். பிறம்ரனில் இருக்கிற என் தங்கைக்கே நான் நாடகக் கொம்பனியில் தைக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். நிகழ்ச்சித் தாளில்கூட என் பெயர் வராது; உடை, ஒரு நண்பர் என்று போடச் சொல்லியிருந்தேன். அந்தப் பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் வாய்க்கு வந்தது.

"சீ, இல்லைத் தம்பி. உவை நல்ல குடும்பத்துப் பிள்ளையள், படிச்சதுகள். கிளப்பில உரிஞ்சு ஆடுறாளவையோட உவையைச் சேர்க்காதேங்கோ. அவளவை வேற, உவை வேற."

அதோடு நிறுத்தவில்லை. தலைவிக்கும் விளங்கட்டும், நான் எங்களுக்காக எப்படி வாதாடுகிறேன் என்று கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று, அதையே ஆங்கிலத்திலும் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெண்கள் வேறு, இவர்கள் வேறு என்று. அவள் அழுத்துவதை நிறுத்தவில்லை. செயலாளருக்குப் பெரிய நிம்மதி. தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணித்தியாலத்தில் ஒரு தாளோடு திரும்பி வந்தார். கமிற்றிக்குக் காட்ட வேண்டுமாம். நான் சொன்னதையே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்: இந்த நிகழ்ச்சியில் ஆடும் பெண்கள் எவரும் ஸ்ரிப் கிளப்புகளில் வேலை செய்தவர்கள் அல்லர், இப்போது செய்கிறவர்களும் அல்லர். கீழே ஏழு பெண்களுக்கு ஏழு கோடு. குழுவில் இரண்டு ஆண்களும் ஆடுகிறார்கள். அவர்களுக்குக் கோடு போடவில்லை.

தலைவி தாளை வாங்கி இரண்டு முறை வாசித்தாள். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்ரி, இதில் என்னால் கையெழுத்து வைக்க முடியாது. எயர்போட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பில் வேலை செய்கிறேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை, பகல் ஷிஃப்ற். பதினொரு வருடம். நீங்கள் சொன்ன அந்தப் பெண்கள் நான்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நிலம் பிளந்து என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. எனக்குச் சம்பளமும் மரியாதையும் தந்தவள். பின் குத்தித் தொலைத்த என்னை ஏசாமல் வேலைக்கு வா என்றவள். அவளைத்தான் நான் அவளவை என்று சொல்லி, ஒரு மண்டபத்துக்காக விற்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது இன்னும் மோசம். தான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, நிகழ்ச்சித் தாளிலும் பெயர் வேண்டாம், மற்ற ஆறு பேரும் கையெழுத்து வைக்கட்டும், தாள் பொய்யாகாது, தர்ஷிக்கு இந்த மண்டபம் வேண்டும் அல்லவா என்றாள். வெட்கத்தைச் சொல்லுகிறேன், ஒரு கணம் எனக்கு அது நல்ல வழியாகக்கூடத் தெரிந்தது. அவ்வளவு சுலபம். ஒருத்தி பேசாமல் விலகினால் எல்லாம் சரி.

செயலாளர் வாசலில் காத்து நிற்க, பாதிச் சேலையோடு நின்ற தர்ஷி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் சைன் பண்ணமாட்டன், அன்ரி. என்ர ஆட்டமே மற்ற ஆக்கள் குத்தின பின்னைக் கழட்டுறதுதான். இவவுக்கு நானே ஒண்டைக் குத்திப்போட்டு, மேடையில ஏறி என்ரையைக் கழட்டவோ?"

அவளுக்கு அந்த மண்டபம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லும்போது கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

அடுத்த நாள் காலை மண்டபத்து அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் இருந்தார். பக்கத்து மேசையில் அவருடைய மனைவி கோயில் திருவிழாக் கடிதங்களை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். நேற்று நான் சொன்னது பிழை. எங்களில் ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள். எங்களில் ஆகத் திறமானவளும் அவள்தான். அவள் செய்வது இரண்டு வேலை. ஒன்று கலை, மற்றது கலை இல்லை, ஆனால் இரண்டும் வேலை. இரண்டையும் ஒன்று என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் ஒன்று இல்லை. அதற்காக ஒன்றைச் செய்கிறவள் மனுசி, மற்றதைச் செய்கிறவள் மனுசி இல்லை என்றும் சொல்லாதீர்கள். அந்தத் தாளில் இருப்பது என் வாயால் வந்த வசனம். அதைத் திருப்பி எடுக்கிறேன் என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. யோசித்தார். "அக்கா, எனக்கு விளங்குது. கமிற்றிக்கு விளங்காது. ஒண்டு செய்வம். அந்தத் தமிழ்ப் பிள்ளை உள்ளுக்குத் தேர்மல் போட்டுக்கொண்டு ஆடட்டும். கிளப்பில வேலை செய்யிற ஆளை விட்டிடுங்கோ."

கூறைக்குள் குளிருக்குப் போடுகிற உள்ளுடுப்பு, தேர்மல். பனிக்காலக் கலியாணங்களில் நானே எத்தனையோ மணப்பெண்களுக்கு அப்படி உடுத்திவிட்டிருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை. போன மாதம் இதே மேடையில், ஒரு பிறந்தநாள் விழாவில், சினிமாப் பாட்டுக்கு இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார்கள். முன் வரிசையில் இருந்து விசில் அடித்தவர்கள் யார், உங்கள் கமிற்றிதானே என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் தாள் வாங்கினீர்களா? எங்களுடைய இரண்டு ஆண்களிடம் ஏன் வாங்கவில்லை? அவர்கள் பகலில் எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஏன் உங்களுக்குத் தெரிய வேண்டாம்? பெண் உடுப்பைக் கழட்டுவதில் உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை தம்பி, யார் சொல்லிக் கழட்டுகிறாள் என்பதுதான் பிரச்சினை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவருடைய மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் உறைக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டே இருந்தது.

மண்டபம் கிடைக்கவில்லை. கதைகளில் என்றால் மனம் மாறியிருப்பார். அவர் மாறவில்லை.

சனிக்கிழமை தையல் அறைக்குப் போய்த் தலைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னுடைய ஆங்கிலம் அன்றைக்கென்று காலை வாரிவிட்டது. அவள் கட்டிப்பிடிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அன்ரி, அவர்கள் அழுக்கு, நாங்கள் சுத்தம் என்று சொல்லி எனக்கு ஒரு மண்டபமும் வாங்கித் தராதீர்கள்" என்றாள். பிறகு செயலாளரின் அந்தத் தாளை மேசையில் விரித்து, விரலால் தடவி, நல்ல தடித்த தாள் என்று சொல்லி, மணிக்கட்டுப் பட்டிக்கு அளவு கீறி வெட்டி எடுத்தாள். மேசையின் இரண்டாவது லாச்சியில், நீங்கள் இப்போதும் எடுத்து எடுத்து வைக்கிற அந்தப் பட்டி அச்சுத்தான் அது. பின்பக்கத்தில் ஏன் பாதி வசனம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கையெழுத்து இல்லாத கோடுகளும் இருக்கும், பாருங்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னேன். நிகழ்ச்சித் தாளில் நண்பர் வேண்டாம், என் முழுப்பெயரைப் போடுங்கள் என்று. பிறம்ரன் தங்கை மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், வேறு வழியில்லை, அவளுக்கும் பிளவுஸ் தைக்க ஆள் வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் பழையபடி நகருக்குள் இருக்கும் அந்தச் சின்ன அரங்கிலேயே ஆடினோம். இடம் மாறியதை மண்டபத்துக்கும் ரிக்கற் எடுத்தவர்களுக்கும் அறிவித்திருந்தோம். ஸ்காபரோவில் ரிக்கற் எடுத்தவர்கள் ஒருவருமே வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தர்ஷி திரையைக் கொஞ்சம் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாக வருகிற முகங்கள்தான். "பரவாயில்லை" என்று எனக்குச் சொன்னாள். எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்தச் சனத்தை இல்லாமல் செய்தது என்னுடைய வாய்.

உடுத்திவிட்டேன். பதினொரு பின். இந்த முறை ஒவ்வொன்றும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், அவளுக்குத் தெரிந்த ஒழுங்கில். அவள் ஆடினாள். முன்னைய நாட்களைவிட மெதுவாக ஆடினாள். தலைவி என் பக்கத்தில் நின்று பார்த்தாள். கடைசிப் பின் தட்டத்தில் விழுந்து, கடைசிக் குரலும் நின்று, சேலை விழுந்தபோது, சனத்தின் சிரிப்பும் நின்றிருந்தது.

இடைவேளையில் உடை மாற்றுகிற அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், பனிக்காலக் கோட்டோடும் கைப்பையோடும் செயலாளரின் மனைவி. சப்வே ரயிலில் தனியாக வந்திருக்கிறார். மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்திருக்கிறார். அதனால்தான் தர்ஷிக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்குக் கத்தியதற்கு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தர்ஷியைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தட்டத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் இங்க வந்து இறங்கி நாலாம் நாள் கலியாணம். அவரின்ர சகோதரியள்தான் உடுத்திவிட்டவை. பதினேழு பின். ஆர் ஆரோ வந்து குத்திச்சினம், கலியாணம் முடிய ஆர் ஆரோ வந்து கழட்டிச்சினம். நான் ஒண்டும் கழட்டேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். தர்ஷி தட்டத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதிலிருந்து ஒரு பின்னை எடுத்து, திறந்து, மூடி, திரும்ப உள்ளே வைத்தார். மனிசன் மண்டபத்துக் கூட்டம் முடிந்து வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவி என்னிடம், அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சொல் தேடித் தேடிச் சொன்னேன். பத்தொன்பது வருடம் அவருடைய தோளும் முதுகும் இடுப்பும் எனக்கு விரல் நுனியில் இருந்தன. அந்தப் பதினேழு பின் எனக்குத் தெரியாது.